பச்சைக் கட்டம் போட்ட பிள்ளை

பண்ணைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது சின்னவள்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் விடிந்தது முதல் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. மேனேஜரிடம் பல்லைக் காட்டி, கூட வேலை பார்ப்பவளிடம் ஷிஃப்டை மாற்றி, எப்படியோ ஒரு நாளைப் பிடுங்கி வைத்திருந்தாள். அவள், அவள் புருஷன், ஆறு வயசுச் சிட்டு, மூன்றரை வயசு வண்டு. ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கலாம், முயலைத் தொட்டுப் பார்க்கலாம், பிள்ளைகள் களைத்ததும் வீடு திரும்பலாம். இவ்வளவுதான் அவள் கேட்டது.

"நாம நாலு பேர் மட்டும் போறோம். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று புருஷனிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

அவனும் தலையை ஆட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மறுநாளே அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் கக்கிவிட்டு வந்தான். கேட்டால், "கேட்டாரு, சொல்லிட்டேன்" என்றான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற தம்பி. அண்ணன் எள் என்றுகூடச் சொல்ல வேண்டாம், தொண்டையைக் கனைத்தாலே போதும்.

அந்த அண்ணனுக்கு வீட்டில் பெரியவர் என்று பெயர். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிற தொழில். கீழ்த்தளம் முழுக்கத் தையல் மெஷின்கள், மேலே அண்ணன் தம்பி இருவர் குடும்பமும், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. தம்பிதான் கட்டிங் மாஸ்டர். சின்னவளுக்குக் கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டில் 'என்னுடையது' என்று எதையும் சொல்ல முடிந்ததில்லை. அவள் வாங்கி வந்த சோப்புகூட ஒரே நாளில் நம்ம சோப்பாகிவிடும்.

"குடும்பம்னா எல்லாரும் சேர்ந்து போறதுதான் அழகு" என்று பெரியவர் ஒரு வேனைப் பேசிவிட்டார். அவர், அவர் மனைவி, அவர்களுடைய மூன்று பையன்கள், போதாக்குறைக்கு மனைவியின் தங்கை குடும்பம். வேலியில் போன ஓணானைத் தன் புருஷனே எடுத்து மடியில் விட்டுவிட்டதை நினைத்து நினைத்து அவளுக்கு ராத்திரி முழுக்க வயிறு எரிந்தது.

காலையில் இன்னொரு கூத்து. வண்டுவுக்கு அவள் தன் சம்பளத்தில் வாங்கிய சிவப்பு டி-ஷர்ட்டைப் போட்டு, தலை வாரி, வாசலுக்குக் கூட்டி வந்தாள். பெரியவர் வேன் கதவில் கையை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன், நம்ம சட்டை என்ன பாவம் பண்ணுச்சு?"

நம்ம சட்டை என்றால் ஆர்டரில் மிஞ்சிய துணியில் தைத்த சட்டை. ஒவ்வொரு ஆர்டரிலும் கொஞ்சம் துணி மிஞ்சும், அதில் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி உருப்படி தயாராகும், வெளியே கிளம்பினால் அதைத்தான் போட வேண்டும். கும்பலில் எங்கே நின்றாலும் நம்ம பிள்ளை என்று பளிச்சென்று தெரியுமாம். இந்த முறை பச்சைக் கட்டம். அவருடைய மூன்று பையன்களும் பச்சைக் கட்டத்தில் ஏற்கனவே வேனுக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். சிட்டுவுக்கும் பச்சைக் கட்டத்தில் பாவாடை.

"இன்னைக்கு ஒரு நாள் இது இருக்கட்டும் மாமா" என்றாள்.

"மாத்திட்டு வா. வேன் நிக்கும்."

அவள் அசையவில்லை. அசைந்தது அவள் புருஷன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடி, சட்டையை மாற்றி, பொத்தானைக்கூட மாற்றிப் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் பொத்தானைச் சரிசெய்துகொண்டே புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் வேன் டயரைப் பார்த்தான்.

பண்ணையில் இறங்கியதுமே வினை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் கை கழுவுகிற குழாய் வரிசையில் பச்சைக் கட்டம். கோழிக் கூண்டுக்கு முன்னால் பச்சைக் கட்டம். வைக்கோல் கட்டுகளின் மேல் ஏறிக் குதித்ததெல்லாம் பச்சைக் கட்டம். பெரியவரிடம் சீருடை வாங்கிய அதே மழலையர் பள்ளி, அன்றைக்கென்று பார்த்துச் சுற்றுலா வந்திருந்தது. வண்டு உயரத்தில், வண்டு பருமனில் கணக்கில்லாத பொடிசுகள்.

பெரியவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பாத்தியா, எல்லாம் நம்ம தையல்! காலர் எப்படி நிக்குது பாரு!" என்று தம்பியைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். தம்பியும் காலர்களைப் படம் எடுத்தான்.

சின்னவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். வாசல் பக்கத்தில் ஒரு கடை இருந்தது. மாடு படம் போட்ட பனியன்கள் தொங்கின.

"மாமா, வண்டுவுக்கு மட்டும் அங்க ஒரு பனியன் வாங்கி மாட்டிடறேனே. இத்தனை பேர்ல அடையாளம் தெரியாது."

"ஏம்மா, பிள்ளையோட மூஞ்சி உனக்கு அடையாளம் தெரியாதா?" பெரியவர் சிரித்தார். அவர் மனைவி சிரித்தாள். மனைவியின் தங்கையும் ஒரு பங்கு சிரித்து வைத்தாள். "இத்தனை பெரியவங்க இருக்கோம். ஒரு பொடியன பாத்துக்க மாட்டோமா? நம்ம பிள்ளைமா அவன்."

"விடேன்" என்றான் புருஷன். அவனுக்குத் தெரிந்த தமிழில் அவனுக்கு மிகவும் பிடித்த சொல் அது.

விட்டாள். பிறகு அன்று முழுவதும் தன்னைத்தானே அவள் திட்டிக்கொண்டது இதற்காகத்தான்.

வண்டுவுக்கு ஆடு என்றால் உயிர். குட்டிகளின் தொழுவத்துக்கு முன்னால் கம்பியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். பண்ணைக்காரப் பெண் ஒருத்தி பால் புட்டிகளை வாளியில் கொண்டுவந்து ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுத்தாள். வண்டு புட்டியைப் பிடித்ததும் குட்டி ஒரே இழுப்பில் புட்டியோடு அவனையும் இழுத்தது. அவன் சிரித்த சிரிப்பில் சின்னவளுக்குக் காலையிலிருந்து இருந்த எரிச்சல் பாதி இறங்கியது. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புட்டியை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று காட்டினாள். அவள் கேட்ட நாளில் அவளுக்குக் கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

"சின்னவளே, சாப்பாட்டு கவுண்டர்ல கூட்டம் சேருது. நீ போய் வரிசைல நில்லு. பசங்கள நாங்க பாத்துக்கறோம்" என்றார் பெரியவர்.

அவள் எழுந்தாள். வண்டுவின் கையைப் பிடித்துப் புருஷனின் கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கியும் விட்டாள்.

"விடாதீங்க."

"சரி சரி."

வரிசையில் சிட்டுவோடு நின்று, தட்டுகளை வாங்கி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தாள். தொழுவத்துக்கு முன்னால் பச்சைக் கட்டம் போட்ட ஒரு முதுகு தெரிந்தது. "வண்டு, வா, சாப்பிடலாம்" என்றாள். முதுகு திரும்பியது. யாரோ பெற்ற பிள்ளை. மூக்கொழுகிக்கொண்டு அவளைப் பார்த்தது.

அடுத்த முதுகு. அதுவும் இல்லை. அதற்கடுத்தது பெரியவரின் கடைக்குட்டி.

புருஷன் முயல் கூண்டருகே அண்ணன் குடும்பத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தான். இரண்டு கையாலும்.

"வண்டு எங்க?"

"அண்ணிகிட்ட விட்டேனே."

"எங்கிட்டயா? நான் என் தங்கச்சிகிட்ட இல்ல நிக்கச் சொன்னேன்?" என்றாள் அண்ணி.

"நான் உங்க பெரிய பையன்கிட்ட சொன்னேன்க்கா. தம்பி கையப் பிடிச்சுக்கடானு" என்றாள் தங்கை.

பெரிய பையனுக்கு எட்டு வயசு. "அவன் நம்ம சட்டை போட்டவங்ககூடத்தான் நின்னான்" என்றான்.

பல பேர் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். பல பேர் கூடினால் பிள்ளையும் தங்காது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தள்ளிவிட்டு, கடைசியில் யார் கையிலும் இல்லை.

தட்டுகளை அவள் எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. "வண்டு! வண்டு!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். வாத்துக் குளத்தின் தண்ணீரைப் பார்த்ததும் நின்றாள். குளம் முழங்கால் ஆழம்தான். மூன்றரை வயசுக்கு முழங்கால் ஆழம் என்றால் எவ்வளவு? குனிந்து குனிந்து பார்த்தாள். வாத்துகள்தான் அலறி ஒதுங்கின. டிராக்டர் சவாரிப் பக்கம் ஓடினாள். பச்சைக் கட்டங்களைத் தோளைத் தொட்டுத் தொட்டுத் திருப்பினாள். ஒவ்வொரு முறையும் ஒரு அந்நிய முகம். அந்தத் துணியை நெய்தவனையும் வெட்டினவனையும் தைத்தவனையும் சேர்த்துச் சபித்தாள். வெட்டினவன் அவளுக்குப் பின்னால்தான் ஓடி வந்துகொண்டிருந்தான்.

பெரியவர் நடந்து வந்தார். அவர் என்றைக்கும் ஓடமாட்டார்.

"பெத்தவ நீ. உன் பிள்ளைய நீ பாத்துக்க வேண்டாமா? சாப்பாடா முக்கியம்?"

ஓடிக்கொண்டிருந்த அவள் நின்றாள். அவர் வாயிலிருந்து 'உன் பிள்ளை' என்ற வார்த்தையை அவள் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. சளி பிடித்தபோது நம்ம பிள்ளை, மொட்டை போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது நம்ம பிள்ளை, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்னும்போது நம்ம பிள்ளை. பதில் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அதற்கு அப்போது நேரமில்லை.

நுழைவாயில் பக்கம் இருந்த அலுவலகத்துக்குள் புகுந்தாள். மைக் முன்னால் இருந்த பெண் நிதானமாகக் கேட்டாள்.

"பயப்படாதீங்க மேடம். பையன் என்ன டிரஸ் போட்டிருக்கான்?"

"பச்சை... பச்சைக் கட்டம்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னைக்கு இங்க பாதிப் பிள்ளைங்க பச்சைக் கட்டம்தான் மேடம். வேற அடையாளம் ஏதாச்சும்?"

வேறு அடையாளம்! காலையில் போட்டுவிட்ட சிவப்பு டி-ஷர்ட் வீட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தவள் அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே ஜன்னலைப் பார்த்தாள். வண்டிகள் நிறுத்துமிடம். அங்கே ஒரு பள்ளிப் பேருந்து. அதன் படியில் பச்சைக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி முடிந்தன. கதவு மூடியது. இன்ஜின் உறுமியது.

அவள் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்கோ கழன்றுபோனது. நகரத் தொடங்கிய பேருந்தின் முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். டிரைவர் பிரேக்கை மிதித்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். உள்ளே இருந்து டீச்சர் ஒருத்தி கதவைத் திறந்தாள்.

"என் பையன் உள்ள இருக்கான்."

"இல்ல மேடம், நாங்க எண்ணிட்டோம். கணக்கு சரியா இருக்கு."

"வழிய விடுங்க!"

மூன்றாவது வரிசையில், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் வண்டு உட்கார்ந்திருந்தான். கையில் யாரோ கொடுத்த பிஸ்கட். அவளைப் பார்த்ததும், "அம்மா, நான் பஸ்ல போறேன்" என்றான்.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. அதே நேரத்தில் கழிவறைப் பக்கமிருந்து ஆயா ஒருத்தி அழுகிற பிள்ளை ஒன்றை இழுத்துக்கொண்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று ஓடிவந்தாள். கணக்கு ஏன் சரியாக இருந்தது என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. டீச்சர் புண்ணியவதி முகத்தைப் பார்த்து எண்ணவில்லை, சட்டையைப் பார்த்து எண்ணியிருக்கிறாள். இன்னும் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் ஒரு பிள்ளை பண்ணையில் அனாதையாக நின்றிருக்கும், இன்னொன்று எங்கோ ஊர் பேர் தெரியாத தெருவில் இறங்கியிருக்கும்.

அவனை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். அவனைத் தரையில் நிறுத்தி, மண்டியிட்டு, முகம், கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள்.

"ஏன்டா செல்லம் போன? யாரு கூட்டிட்டுப் போனா?"

"ஒரு மிஸ் வந்து வா, வரிசைல நில்லுனு சொன்னாங்க. நின்னேன்."

"தெரியாதவங்க கூப்பிட்டா போகலாமா? இவங்க யாருனு கேக்க மாட்டியா?"

வண்டு குழப்பத்தோடு அவளைப் பார்த்தான். "பெரியவங்க கூப்பிட்டா ஏன்னு கேக்காம போகணும்னு பெரியப்பா சொல்லிருக்காங்களே."

ஆமாம், சொல்லியிருக்கிறார். தினமும் சொல்கிறார். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருமுறை கூப்பிடுவார், பிள்ளைகள் செய்வதைப் போட்டுவிட்டு ஓடிவந்து வரிசையாக நிற்க வேண்டும். ஏன் என்று கேட்ட பிள்ளைக்குக் காது திருகப்படும். வருகிறவர்கள் எல்லாம், "என்னமா வளர்த்திருக்கீங்க!" என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

அதற்குள் சிட்டுவையும் கூட்டிக்கொண்டு மொத்தக் கூட்டமும் வந்து சேர்ந்துவிட்டது. பெரியவர் பிள்ளையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்து டீச்சரும், தெரிந்த முகங்களும் வேடிக்கை பார்ப்பதையும் பார்த்தார். மானம் போய்விட்டது அவருக்கு.

"எவ கூப்பிட்டாலும் பின்னாலயே போயிடுவியாடா?" என்று கேட்டுக்கொண்டே பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தார்.

வண்டு அழக்கூட இல்லை. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழித்தான்.

இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையைச் சின்னவள் பிடித்தாள். திமிறுகிற கையை எங்கே பிடித்தால் அசையாது என்று அவளுக்குத் தெரியும், அதுதானே அவள் பிழைப்பு. மணிக்கட்டுக்கு மேலே பிடித்தாள். பெரியவர் இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"அவன் உங்க பேச்சத்தான் கேட்டிருக்கான்" என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "பெரியவங்க கூப்பிட்டா ஏன்னு கேக்காம போகணும்னு சொல்லிக் குடுத்தது யாரு? சொன்னதச் செஞ்சதுக்கா அடி?"

"கைய விடு. நம்ம பிள்ளைய நான் கண்டிக்கக் கூடாதா?"

"காணாமப் போனப்ப உன் பிள்ளைனீங்க. கிடைச்சதும் நம்ம பிள்ளை ஆயிட்டானா? தேடறதுக்கு நான், அடிக்கறதுக்கு நீங்களா?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பேசலாம் என்பதே யாருக்கும் தோன்றியதில்லை. பெரியவர் மனைவியையோ அவளையோ பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

தம்பி முன்னால் வந்தான். "கைய விடு. எல்லாரும் பாக்கறாங்க. அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேளு."

அவள் கையை விட்டாள். மன்னிப்புக் கேட்கவில்லை. வண்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்து பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளங்கால் சுட்டது. அது அப்போது பெரிதாகப் படவில்லை.

கொஞ்ச நேரத்தில் புருஷன் மூச்சு வாங்க ஓடிவந்தான். அவனைக் கண்டதும், வெட்கம் கெட்டு, அவள் மனசு ஒரு நொடி குளிர்ந்துதான் போனது. சிட்டு நகர்ந்து அப்பாவுக்கு இடம் விட்டாள். அவன் உட்காரவில்லை.

"வேன நிறுத்தி வெச்சிருக்கோம். வா. வந்து ஒரு வார்த்தை சாரினு சொல்லிடு, அதோட முடிஞ்சிடும். அவருக்கு பிபி வேற ஏறிருக்கு."

"எங்ககூட வர்றதுக்கு வந்தீங்களா, எங்களக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. இவன் கன்னத்தப் பாத்தீங்களா?"

அவன் அதுவரை பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தான். விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவன் கண் கலங்கியது. கலங்கத்தான் செய்தது, அதில் பொய்யில்லை. கையை நீட்டினான், தொடத் துணியாமல் மடக்கிக்கொண்டான்.

"நீங்க கைய விடாம இருந்திருந்தா போதும்" என்றாள் அவள். "உங்க அண்ணன் எப்படிப்பட்டவர்னு எனக்குத் தெரியும். அவர் மேல எனக்கு இவ்வளவு கோவம் இல்ல. உங்க விரல நான் மடக்கி விட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

வண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெஞ்சிலிருந்து சறுக்கி இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றான்.

"அப்பா, பெரியப்பா கூப்பிடறாங்களா? நான் வரணுமா?"

அடி வாங்கிய கன்னத்தோடு, ஏன் என்று கேட்காமல், போவதற்குத் தயாராக நின்றான் அந்தப் பிள்ளை. சின்னவள் அவனைத் தூக்கித் தன் மடியில் உட்கார வைத்தாள்.

பஸ் வந்தது. அவள் பிள்ளைகளோடு ஏறினாள். கண்டக்டர் இல்லாத அந்த பஸ்ஸில் டிக்கெட்டும் கொடுக்கிற டிரைவர் அவளுடைய வெறுங்காலைப் பார்த்தான், கீழே படியருகே நின்றவனைப் பார்த்தான்.

"எத்தனை பேரும்மா?"

"இருங்க, கேட்டுச் சொல்றேன்." அவள் திரும்பினாள். "ஏங்க, ஏறுங்க."

கெஞ்சலும் அதிகாரமும் இல்லாமல்தான் கூப்பிட்டாள். அவன் ஒரு காலைப் படியில் வைத்தான். கம்பியையும் பிடித்துவிட்டான். அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். யார் என்று அவள் கேட்கவில்லை. அவன் அவளைப் பார்த்தான், பிள்ளைகளைப் பார்த்தான், போன் அடித்துக்கொண்டே இருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு காத்திருந்தான்.

அவன் கம்பியை விட்டுவிட்டுப் போனைக் காதில் வைத்தான்.

"சொல்லுங்கண்ணே" என்றான்.

"ஒண்ணரை டிக்கெட்" என்றாள் சின்னவள். "கதவ மூடுங்க."